நீலக் குப்பியில் ஒரு நகரத்தின் இரவு

ஐம்புலன்களுள் முகர்வுக்குத்தான் நாம் மிகக் குறைந்த மதிப்பைக் கொடுத்து வருகின்றோம். கண்ணுக்கு ஓவியமும் செவிக்கு இசையும் உண்டென்பதை ஒப்புக்கொள்ளும் நாம், மூக்குக்கும் ஒரு கலை உண்டென்று எவரேனும் கூறினால் புன்னகை செய்கின்றோம். ஆயினும் பழைய நினைவுகளை எழுப்புவதில் மணத்துக்கு ஈடானது வேறொன்றில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வீட்டின் படத்தைக் கண்டும் அசையாத மனம், அவ்வீட்டு முற்றத்தில் நின்ற பவளமல்லிகையின் மணம் எங்கிருந்தோ வந்து மோதியதும் கலங்கிவிடுகின்றது. இதற்கு உடற்கூற்று அறிஞர் காரணம் கூறுவர். மற்றைப் புலன்கள் கொண்டுவரும் செய்திகள் மூளையின் நடுவேயுள்ள ஓர் இடைநிலையத்தைக் கடந்த பின்னரே மேற்பகுதிகளுக்குச் செல்கின்றன. மணச் செய்தியோ அங்கே தங்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேராகவே சென்றடைகின்றது.

நேயர்களே, மணத்தின் இந்த இயல்பைப் பயன்படுத்தி ஒரு நகரத்தின் இரவையே குப்பியில் அடைத்து விற்ற வரலாறு ஒன்று உண்டு. 1928ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் பூர்ஷுவா நிறுவனம் ஒரு வாசனைத் திரவியத்தை வெளியிட்டது. பிரெஞ்சு மொழியில் அதன் பெயர் 'சுவார் து பாரி'. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் அது 'ஈவினிங் இன் பாரிஸ்' என விற்பனையாயிற்று. 'பாரிஸ் மாலை' என்று நாம் தமிழில் வழங்கலாம். அந்தப் பாரிஸ் மறைந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனால் அதன் பெயரைத் தாங்கிய சிறு நீலக் குப்பி இன்னமும் பழம்பொருள் சேர்ப்போரின் கையில் இருக்கின்றது. அக்குப்பியின் கதையை ஆராய்ந்தால் ஒரு வாசனையின் தோற்றம் தெரியவரும். கடந்த காலத்தில் எதனை நினைவு பேணி வைக்கின்றது, எதனை நழுவவிடுகின்றது என்பதும் அதனோடு தெரியவரும்.

முதலில் அந்த இரவு எத்தகையது என்று காண்போம். 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரில் பிரான்ஸ் ஏறத்தாழப் பதினான்கு இலட்சம் வீரரைப் பலிகொடுத்தது. துக்கம் புகாத வீடு அரிதாயிருந்தது. போர் ஓய்ந்ததும், உயிர் தப்பிய இளந்தலைமுறையினர் தாம் இழந்த ஆண்டுகளை இரவுகளில் மீட்டுக்கொள்ள முயன்றவர்போல நடனத்திலும் இசையிலும் திளைத்தனர். பொருளாதாரமும் இதற்குத் துணைசெய்தது. போருக்கு முன் ஓர் அமெரிக்க டொலருக்கு ஐந்து பிராங்கு அளவே கிடைத்தது. 1926ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அது ஐம்பதை நெருங்கியது. 1928இல் அரசாங்கம் பிராங்கின் மதிப்பை உறுதிப்படுத்தியபோதும், ஒரு டொலர் இருபத்தைந்து பிராங்குக்கு மேல் பெறுமதியாகவே இருந்தது. தங்கள் நாட்டில் சிறு சம்பளம் பெற்ற அமெரிக்கர் பாரிசில் பிரபுக்களைப்போல வாழக்கூடியதாயிற்று. மேலும் 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. பாரிசில் அத்தகைய தடை எதுவும் இல்லை.

அமெரிக்காவிலிருந்து பணத்தோடு ஜாஸ் இசையும் வந்தது. அதனைக் கொண்டுவந்தவருட் பலர் கறுப்பினக் கலைஞர். தாய்நாட்டில் நிறத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட அவர்களுக்குப் பாரிஸ் மேடையில் இடம் கிடைத்தது. 1925ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஷான்செலிசே நாடக அரங்கில் ஆடிய பத்தொன்பது வயது நங்கை ஜோசபின் பேக்கர் ஓரிரவிலேயே புகழெய்தினார். மறு ஆண்டே மொன்மார்த் பகுதியில் தம் பெயரால் ஓர் இரவு விடுதியும் திறந்தார். நகரின் தென்கரையிலுள்ள மொன்பார்னாஸ் பகுதியில், 'லா கூப்போல்' என்னும் பெரிய உணவுச்சாலை 1927 டிசம்பரில் கதவு திறந்தது. ஓவியரும் எழுத்தாளரும் அங்கே விடியும்வரை உரையாடினர். ஈபிள் கோபுரத்தின் மீது, 1925 முதல் 1934 வரை, ஒரு மோட்டார்க் கார் நிறுவனத்தின் பெயர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மின்குமிழ்களால் ஒளிர்ந்தது. இரவு என்பது ஓய்வுக்குரிய நேரம் என்ற பழைய எண்ணத்தை அந்நகரம் மாற்றி எழுதியது.

இந்த மாற்றத்தின் பயனைப் பெரிதும் உணர்ந்தவர் பெண்கள். பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை 1944இல்தான் சட்டமாயிற்று. 1920களில் அவர்கள் அரசியலில் வாயற்றவர்கள். ஆனால் போர்க்காலத்தில் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் உழைத்துத் தாமே சம்பாதிக்கப் பழகியிருந்தனர். கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு, முழங்காலளவு ஆடையணிந்து, துணையின்றி உணவுச்சாலைக்குச் செல்லும் பெண் அக்காலத்தின் அடையாளமானாள். பகலில் பெறாத சுதந்திரத்தின் ஒரு துளியை அவள் இரவில் பெற்றாள். வாசனைத் திரவியம் விற்போர் இதனை நன்கு அறிந்திருந்தனர்.

பூர்ஷுவா நிறுவனம் பிறந்ததே நாடக மேடையின் நிழலில். 1860களில், பாரிஸ் நடிகர்களுக்கான முகப்பூச்சுச் செய்யும் சிறு தொழிலகமாக அது தொடங்கியது. விளக்கொளியில் முகம் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதே அதன் முதற் கவலை. பின்னர் நடிகையரின் பூச்சைச் சாதாரணப் பெண்களும் விரும்பியதால் அதன் வியாபாரம் பெருகியது. இந்நிறுவனத்துக்கு உரியவர்களான வெர்தைமர் குடும்பத்தினர், 1924ஆம் ஆண்டில் ஆடையலங்கார அம்மையார் ஷனெல் என்பவரோடு சேர்ந்து மற்றொரு வாசனை நிறுவனத்தையும் அமைத்தனர். இரண்டுக்கும் வாசனை இயற்றியவர் ஒருவரே. அவர் பெயர் ஏர்ணஸ்ட் போ.

ஏர்ணஸ்ட் போ பிரெஞ்சு வமிசத்தவர். ஆயினும் 1881இல் ருஷ்யாவின் மொஸ்கோ நகரில் பிறந்து, அங்கேயே தொழில் பயின்றவர். சார் மன்னரின் அரண்மனைக்கு வாசனைப் பொருள் வழங்கிய ரல்லே என்னும் நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். 1917ஆம் ஆண்டுப் புரட்சி அந்த வாழ்வை ஒரேயடியாகத் துடைத்துவிட்டது. தொடர்ந்து வந்த போர்க்காலத்தில் அவர் ருஷ்யாவின் வடகோடியில் படைச்சேவை செய்தார். கோடையில் நள்ளிரவிலும் சூரியன் மறையாத பிரதேசம் அது. அவ்வேளையில் ஏரிகளிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் எழுந்த குளிர்ந்த மணத்தை நெஞ்சில் பதித்துக்கொண்டதாகவும், பிற்காலத்தில் அதனையே வாசனையாக்க முயன்றதாகவும் அவர் 1946இல் ஆற்றிய சொற்பொழிவொன்றில் நினைவுகூர்ந்துள்ளார். 1921இல் வெளியாகி உலகப் புகழ் பெற்ற 'ஷனெல் ஐந்தாம் இலக்கம்' அவ்வாறு பிறந்தது. அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்துப் 'பாரிஸ் மாலை'யை அவர் இயற்றினார். நாடிழந்து வந்த மனிதர் ஒருவர், தமக்கு அடைக்கலம் தந்த நகரத்தின் இரவை வாசனையாக வடித்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

இனி, வாசனை ஒன்று எவ்வாறு இயற்றப்படுகின்றது என்பதைச் சற்று விளக்கமாகக் காண்போம். நம்மவர் நெடுங்காலமாக அறிந்த அத்தர், மலரைக் காய்ச்சி வடித்துச் சந்தன எண்ணெயில் சேர்ப்பதாகும். அது தோலின்மேல் மெல்லப் படிந்து, பெரும்பாலும் ஒரே மணத்தோடு நெடுநேரம் நிற்கும். மேனாட்டு வாசனைத் திரவியம் சாராயத்தில் கரைக்கப்படுகின்றது. சாராயம் விரைந்து ஆவியாகும்போது அதிலுள்ள பொருள்களும் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. இலேசான பொருள்கள் முதலில் எழுந்து மறைகின்றன. கனமானவை இறுதிவரை தங்குகின்றன. எனவே வாசனை இயற்றுபவன் நேரத்தையும் கணக்கிட்டு, முதலில் தோன்றும் மேல்மணம், பின்னர் மலரும் நடுமணம், கடைசியில் எஞ்சும் அடிமணம் என மூன்று அடுக்குகளாகத் தன் ஆக்கத்தை அமைக்கின்றான். நம் முன்னோர் சிறுபொழுதை மாலை, யாமம், வைகறை என வகுத்ததை இதனோடு ஒப்பிடலாம். 'பாரிஸ் மாலை'யின் அமைப்பு அப்பெயர்களுக்கு வெகுவாகப் பொருந்துகின்றது.

அதன் மாலைப் பொழுதில் எழுவன பேர்கமொட் என்னும் இத்தாலிய எலுமிச்சையினத்தின் தோல் மணமும், வயலட் மலரின் மணமும், அல்டிகைட்டு எனப்படும் இரசாயனப் பொருள்களின் துலக்கமும் ஆகும். அல்டிகைட்டுகளைச் செறிவாக முகர்ந்தால், ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் நெடியும் சூட்டோடு இஸ்திரி போட்ட துணியின் மணமும் கலந்தாற்போல இருக்கும். மிகச் சிறிதளவு சேர்த்தாலோ மலர் மணங்கள் விளக்கேற்றியதுபோல் பளிச்சிடும். வயலட் மலரிலிருந்து மணத்தைப் பிரித்தெடுப்பது பெருஞ்செலவான காரியம். 1893இல் ஜேர்மானிய இரசாயனவியலார் அதே மணமுள்ள 'அயனோன்' என்னும் பொருளைச் செயற்கையாக ஆக்கினர். அதன் பின்னரே வயலட் மணம் எளியவர் கைக்கும் எட்டியது.

யாமத்தில் மலர்வன மல்லிகை, உரோசா, ஹெலியோத்ரோப், கார்னேஷன் முதலியன. இவற்றுள் மல்லிகை இரவுக்கே உரிய மலர் என்பதை நமக்கு எவரும் கூறத்தேவையில்லை. அந்திப்பூச்சிகளை அழைக்க இருளில் மணம் பரப்புவது அதன் இயல்பு. பிரான்சின் தென்பகுதியிலுள்ள கிராஸ் நகரத்துத் தோட்டங்களில் விடியற்காலையிலேயே மல்லிகையைக் கொய்வார்கள். ஒரு கிலோ பூவுக்கு ஏறத்தாழ 8,000 பூக்கள் வேண்டும். ஒரு கிலோ மல்லிகைச் சாரம் பெறுவதற்கு 600 கிலோவுக்கும் அதிகமான பூ வேண்டும். ஆகவே ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பூக்களை விரல்களால் ஒவ்வொன்றாகக் கொய்தாலே ஒரு கிலோ சாரம் கிடைக்கும். இன்று உலகச் சந்தைக்குச் செல்லும் மல்லிகைச் சாரத்தில் பெரும்பங்கை அளிக்கும் இடங்களுள் தமிழ்நாட்டின் மதுரை, கோயம்புத்தூர்ப் பகுதிகளும் அடங்கும்.

மற்றை மலர்களிலும் நமக்குப் பழக்கமான பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஹெலியோத்ரோப் மலரின் மணத்தைத் தரும் 'பிப்பரோனல்' என்னும் பொருள் தன் பெயரிலேயே மிளகைத் தாங்கி நிற்கின்றது. மிளகின் காரத்துக்குக் காரணமான பொருளிலிருந்து அதனை ஆக்க முடியும் என்பதனாலேயே அப்பெயர் வந்தது. கார்னேஷன் மலரின் மணத்தைத் தருவது 'யூஜினோல்'. கராம்புக்கு மணமூட்டுவது அதுவே. நமது இலங்கைக் கறுவா இலையின் எண்ணெயில் மிகுந்திருப்பதும் அதுவே.

வைகறையில் எஞ்சி நிற்பவை வனிலாவின் இனிமையும், வெட்டிவேரின் மண்வாசனையும், கஸ்தூரியின் சூடுமாகும். கஸ்தூரி மானிலிருந்து பெறும் உண்மைக் கஸ்தூரி பொன்னினும் விலை மிக்கது. 1888ஆம் ஆண்டில் அல்பேட் பௌர் என்னும் ஆய்வாளர் வெடிமருந்துப் பொருளொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, எதிர்பாராத விதமாகக் கஸ்தூரி மணமுள்ள பளிங்குகளைக் கண்டார். போருக்குரிய ஆராய்ச்சி காதலுக்குரிய பொருளைத் தந்தது. வனிலாவின் மணப்பொருளும் 1874 முதலே செயற்கையாக ஆக்கப்பட்டு வந்தது. இவ்வாறு, பாரிசின் இரவை இயற்றியதில் தோட்டக்காரனுக்கு எவ்வளவு பங்கோ, இரசாயனச் சாலைக்கும் அவ்வளவு பங்குண்டு.

இரசாயனத்தின் துணையால் விலை இறங்கியது. 'ஷனெல் ஐந்தாம் இலக்கம்' செல்வச் சீமாட்டிகளுக்கு உரியதாயிருக்க, அதே மனிதரின் கைவண்ணமான 'பாரிஸ் மாலை' தட்டெழுத்துப் பெண்ணுக்கும் கடைச் சிப்பந்திக்கும் கிட்டியது. அடர்ந்த நீலக் கண்ணாடிக் குப்பி இரவு வானத்தை நினைவூட்டியது. அதன்மேல் வெள்ளி நிற முகப்புச் சீட்டு. அமெரிக்காவில் மருந்துக் கடைகளிலும் பல்பொருட் கடைகளிலும் சிறு சிறு குப்பிகளாக அது விற்கப்பட்டது. 1930களில் அந்நாட்டு வானொலியில் இவ்வாசனையின் பெயராலேயே இசை நிகழ்ச்சி ஒலிபரப்பானது. மணத்தை வானொலியில் அனுப்ப இயலாது என்பதை நேயர்கள் நன்கறிவர். ஆயினும் இசையையும் கைதட்டலையும் கிண்ணங்களின் ஓசையையும் கேட்டவர் மனத்தில் ஒரு பாரிஸ் தோன்றியது. மறுநாள் கடையில் அந்தப் பாரிசைக் காசு கொடுத்து வாங்கலாம்.

இந்திய உபகண்டத்திலும் அக்குப்பி பரவியது. எங்கள் குடும்பத்துப் பழைய அலுமாரி ஒன்றில் வெறுமையான நீலக் குப்பியொன்று நெடுநாள் இருந்தது. அதற்குரியவரான பாட்டியார் கொழும்புக்கு அப்பால் எந்த நகரத்தையும் கண்டவரல்லர். அடியில் ஒட்டியிருந்த மணம் கொஞ்சமும் எஞ்சாத காலத்திலும் அதனை எறிந்துவிட அவர் உடன்படவில்லை. தாம் ஒருபோதும் காணாத நகரமொன்றின் மாலையில் தமக்கும் சிறு பங்குண்டு என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். இத்தகைய எண்ணத்தை ஏளனம் செய்வது அறிவுடைமையாகாது. எட்டாத உலகத்தின் ஓர் இதழையேனும் எட்டச் செய்தது அந்த மலிவான குப்பி.

எனினும் வரலாறு கற்போர் அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். குப்பிக்குள் புகாத மணங்கள் எவை?

1924ஆம் ஆண்டில் லாங்ஸ்டன் ஹியூஸ் என்னும் கறுப்பின இளைஞர் பையில் சில டொலர்களுடன் பாரிஸ் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் பெருங்கவிஞருள் ஒருவராக விளங்கிய அவர், மொன்மார்த்திலுள்ள 'கிராண்ட் டியூக்' என்னும் இரவு விடுதியின் சமையலறையில் பாத்திரம் கழுவினார். அவ்விடுதியில் பாட வந்த பிரிக்டொப் என்னும் பாடகி, கடல் கடந்து வந்து சேர்ந்த இடம் பன்னிரண்டு மேசையளவே கொண்ட சிற்றறை என்பதைக் கண்டு அழுதுவிட்டார். அவருக்கு உணவு கொடுத்துத் தேற்றியவர் இந்தப் பாத்திரம் கழுவும் இளைஞரே. முன்னறையில் இசை முழங்க, பின்னறையில் சவர்க்கார நீரும் எண்ணெய்ப் புகையும் மணத்தன. விருந்தினர் அதனை முகர்ந்திலர்.

'பாரிஸ் மாலை' வெளியான அதே 1928ஆம் ஆண்டில், ஜோர்ஜ் ஓர்வெல் என்ற பெயரால் பின்னர் புகழடைந்த ஆங்கில எழுத்தாளரும் பாரிசுக்கு வந்தார். மறு ஆண்டில் பணமின்றி, பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக எடுபிடி வேலை செய்தார். 1933இல் வெளியான தம் நூலில் அவ்வேலையின் வெப்பத்தையும் அழுக்கையும் எழுதி வைத்தார். வெண்துணி விரித்த மேசைகள் கொண்ட உணவறைக்கும், அழுக்கு நீர் தேங்கிய சமையலறைக்கும் இடையே ஒரு கதவு மட்டுமே இருந்ததென அந்நூலால் அறிகின்றோம். மேனாள் ருஷ்ய இராணுவ அதிகாரிகள் வாடகைக் கார் ஓட்டியதும் இக்காலத்திலேயே. மொன்மார்த்தின் கீழ்ப்பகுதியில் ருஷ்ய அகதிகள் நடத்திய இசை விடுதிகள் புகழ் பெற்றிருந்தன. இழந்த நாட்டின் பாடல்களை அங்கே அந்நியருக்குப் பாடிப் பிழைத்தனர். கிராஸ் நகரத்துத் தோட்டங்களில் விடியுமுன் குனிந்து மல்லிகை கொய்தவருள் இத்தாலியிலிருந்து கூலிக்கு வந்த பெண்கள் பலர். ஒருவருடைய களிப்பு முடிந்து வீடு திரும்பும் நேரம், இவர்களுடைய வேலை தொடங்கும் நேரமாயிருந்தது.

புகையிலையும் வியர்வையும், சிந்திய மதுவும், மழையில் நனைந்த கம்பளியும், காலையில் கழுவிவிட்ட தெருவும் சேர்ந்ததே உண்மையான பாரிஸ் இரவின் மணம். ஏர்ணஸ்ட் போ இவற்றை அறியாதவரல்லர். வாசனை இயற்றுபவனின் தொழில் தெரிந்தெடுத்தல். வேண்டியதைச் சேர்ப்பதுபோலவே வேண்டாததை விலக்குவதும் அவன் கலை. ஆகவே அவர் விலக்கியதைக் குற்றமென்று கூறுதல் பொருந்தாது. குப்பியைக் கையில் எடுத்தவர்கள் அதுவே முழு இரவென்று நம்பினால், அந்தப் பிழை அவர்களுடையது.

அந்த இரவின் ஆயுளும் நீண்டதாக அமையவில்லை. 1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அமெரிக்கர் படிப்படியாக நாடு திரும்பினர். அவர்களை நம்பியிருந்த விடுதிகள் பல விளக்கணைத்தன. 1940 ஜூன் 14ஆம் நாள் ஜேர்மானியப் படை பாரிசுக்குள் புகுந்தது. ஊரடங்குச் சட்டமும் விளக்கணைப்பும் நகரத்தை ஆண்டன. 1944 ஓகஸ்ட் 25இல் நகரம் விடுதலை பெற்றபோது உலகமே மாறிவிட்டிருந்தது. இதற்கிடையில் நீலக் குப்பியின் விற்பனை மட்டும் தொடர்ந்தது. இயற்றப்பட்ட நாளில் அது நிகழ்காலத்தின் மணம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுள் அதுவே கடந்த காலத்தின் மணமாயிற்று. வாங்கியவர் தாம் காணாத ஒன்றை நினைத்து ஏங்கினர். கண்டவரோ தாம் கண்டதிலும் அழகிய ஒன்றை நினைத்து ஏங்கினர்.

அந்த மணத்தை இன்று நாம் உள்ளவாறே முகர முடியுமா? 1992ஆம் ஆண்டில் பூர்ஷுவா நிறுவனம் 'பாரிஸ் மாலை'யைப் புதிதாக இயற்றி மீண்டும் வெளியிட்டது. பெயரும் நீல நிறமும் பழையவை. ஆனால் முன்னைய மணமே திரும்ப வருதல் எளிதன்று. அக்கால வாசனைகள் பலவற்றில் கலந்த செயற்கைக் கஸ்தூரி வகைகளுட் சில, தோலுக்கும் நரம்புக்கும் தீங்கானவை எனக் கண்டு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விலக்கப்பட்டன. பழைய குப்பிகளில் எஞ்சியிருப்பதோ காற்றாலும் ஒளியாலும் கெட்டுப்போயிருக்கும். முதலில் மறைவது மேல்மணம். மாலைப் பொழுது போய், வைகறை மட்டும் எஞ்சியிருக்கும். இக்குறையை இயன்றவரை நீக்கும் பொருட்டு, 1990ஆம் ஆண்டில் பிரான்சின் வேர்சாய் நகரில் ஒஸ்மோத்தேக் என்னும் வாசனைக் காப்பகம் நிறுவப்பட்டது. மறைந்துபோன வாசனைகளைப் பழைய குறிப்புகளின்படி மறுபடியும் இயற்றி, ஆர்கன் வாயுவின் காப்பில், 12 பாகை வெப்பநிலையில் அங்கே வைத்திருக்கின்றனர். நூலகத்தில் சுவடி வைப்பதுபோல மணத்தையும் வைக்கலாம் என்பது இந்நூற்றாண்டினர் பெற்ற பேறு.

ஆயினும் காப்பகத்தில் வைத்த வாசனை, அதனை இயற்றியவர் தெரிந்தெடுத்ததை மட்டுமே தரும். எஞ்சியதை நூல்களே தரவேண்டும். ஓர் இரவை முழுமையாகப் பேணுவது எவ்வாறு என்பதற்கு நம் இலக்கியத்திலேயே நல்ல சான்றுண்டு. மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, மதுரை மாநகரின் இரவை யாமம் யாமமாக விரிக்கின்றது. பூவும் சாந்தும் மணக்கும் மாடங்கள் அங்கே உண்டு. அவற்றோடு, அடை விற்றுக் களைத்து உறங்கிப்போன கூவியரும், கன்னமிடப் பதுங்கும் கள்வரும், அவரைத் தேடித் திரியும் ஊர்க்காவலரும் உண்டு. மணந்ததை மட்டும் அப்புலவர் எடுத்துக்கொள்ளவில்லை. உழைத்தவரையும் விழித்திருந்தவரையும் தம் பாட்டில் இருத்தினார். அதனாலேயே பல நூற்றாண்டுகள் கழித்தும் அந்த இரவில் நாம் நடமாடக்கூடியதாயிருக்கின்றது.

பழங்காலத்தைப் பற்றி இனிதாகப் பேசும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. நம்மிடையேயும் மிக உண்டு. நமது ஊர்த் திருவிழாவின் இரவையோ, பழைய நாடகக் கொட்டகையின் இரவையோ நினைவுகூரும்போது நாமும் நமக்கேற்ற ஒரு நீலக் குப்பியைத் திறக்கின்றோம். நாதஸ்வரமும் சந்தனமும் மல்லிகையும் அதிலிருந்து எழுகின்றன. பந்தம் பிடித்துக் கைபொசுங்கியவரையும், வாசலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டவரையும், விடிந்தபின் கூட்டிப் பெருக்கியவரையும் அது தருவதில்லை. இனிய நினைவைத் துறக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வாழ்க்கைக்கு அதுவும் வேண்டும். ஆனால் இளையோருக்குக் குப்பியைக் கொடுக்கும்போது, அதில் அடங்காதவர்களுடைய பெயரையும் சொல்லிக் கொடுப்பது பெரியோர் கடன். மொன்மார்த்தின் மணத்தோடு, அங்கே பாத்திரம் கழுவிய கவிஞரையும் அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.